வாசல் கோலம் முதல் காகிதக் கப்பல் வரை... வீட்டுக்குள்ளே இத்தனை அதிசயங்களா? தெரியுமா?

அம்மா ஒயர் கூடை பின்னுகிறார். அப்பா மொட்டை மாடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பாட்டி பூத் தொடுக்கிறார். பிள்ளைகள் காகிதத்தில் கப்பல் மடிக்கிறார்கள். 'பொழுதுபோக்குதானே, இதில் என்ன இருக்கிறது?' என்கிறீர்களா? கணிதம் இருக்கிறது! கடல் பயணம் இருக்கிறது! நோபல் பரிசு வரை போன கதைகூட இருக்கிறது! வாருங்கள், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்!

வாசலில்...

169 புள்ளி! எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

'15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை.' மார்கழியில் எத்தனை வீட்டு வாசலில் கேட்ட பேச்சு இது! நடு வரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 14, 13, 12 என்று குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்த வேண்டும். மொத்தம் எத்தனை புள்ளி தெரியுமா? 169! அதாவது 13 தடவை 13! இதையே நேர்ப்புள்ளியாக 15-இல் தொடங்கி 1 வரை வைத்தால் 113 புள்ளி. காகிதம் இல்லை, அளவுகோல் இல்லை, அழிப்பான் இல்லை. விரல் இடுக்கில் வழியும் மாவை மட்டும் வைத்துக்கொண்டு, பால் காய்ச்சும் நேரத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடுகிறது!

கோலத்தைப் படித்த கணினி அறிஞர்கள்!

வீடுகளில் கணினி என்ற பொருளையே பார்த்திராத காலம். 1974-ஆம் ஆண்டு. தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எதைப் பற்றி? நம் வாசல் கோலத்தைப் பற்றி! சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல, படங்களை உருவாக்கவும் இலக்கண விதிகள் எழுத முடியும் என்று காட்டினார்கள். அதற்குக் கோலம் கைகொடுத்தது! சாணம் தெளித்த தரையில் இருந்தது சர்வதேசக் கணினி ஆய்விதழுக்கே போய்விட்டது!

தோட்டத்தில்...

ஒரே மல்லிகை, மூன்று நாட்டுக்குச் சொந்தம்!

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். ஆனால் இந்தக் குண்டு மல்லி இனம்தான் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர் என்பது தெரியுமா? 1934-இலிருந்தே அப்படித்தான்! இந்தோனேசியாவும் சும்மா இருக்கவில்லை. 1990-இல் தன் தேசிய மலர்களில் ஒன்றாக இதையே அறிவித்தது! உங்கள் வீட்டுத் தொட்டியில் மாலையில் மொட்டு அவிழ்கிறதே, அதே செடிக்கு இரண்டு நாடுகளில் அரச மரியாதை!

கறிவேப்பிலைக்கும் தரங்கம்பாடிக்கும் என்ன தொடர்பு?

ஜெர்மானிய மருத்துவர் ஒருவர், பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோயனிக். தாவரவியலின் தந்தை லின்னேயஸின் மாணவர். 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், இங்கே செடி கொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் என்ன தெரியுமா? முர்ராயா கோயனிகி! ஆமாம், அவர் பெயரேதான்! முன்னால் நிற்கும் முர்ரே யார்? அவரும் லின்னேயஸின் மாணவர்! தாளிக்கும்போது ஒரே வாத்தியாரின் இரண்டு மாணவர்கள் சட்டியில் விழுகிறார்கள்!

மிளகாய் காரம் கிளிக்கு உறைக்காது!

கிளிக்கு மிளகாய் கொடுத்தால் ரசித்துத் தின்கிறதே, எப்படி? பறவைகளுக்குக் காரம் தெரியவே தெரியாது! காரத்தைத் தரும் பொருள் கேப்சைசின். அதை உணரும் அமைப்பு பறவைகளிடம் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. பற்களால் விதையை அரைத்துவிடும் விலங்குகளை விரட்டிவிட்டு, விதையை முழுசாக விழுங்கி வேறிடத்தில் போடும் பறவைகளை மட்டும் மிளகாய்ச்செடி விருந்துக்கு அழைக்கிறது. எத்தனை சாமர்த்தியம்!

காரத்துக்கு அளவும் உண்டு. பெயர் ஸ்கோவில். நம் வடகிழக்கு மாநிலங்களின் பூத் ஜோலோகியா மிளகாய் 2007-இல் 10 லட்சத்தைத் தாண்டிக் கின்னஸில் இடம்பிடித்தது. 2023-இல் அமெரிக்காவின் 'பெப்பர் எக்ஸ்' எவ்வளவு எடுத்தது தெரியுமா? சராசரி 26,93,000! இன்னொரு ஆச்சரியம்: கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் இந்தியாவில் மிளகாயே கிடையாது! ராஜராஜ சோழன் காலத்துச் சமையலில் காரத்துக்கு மிளகுதான்!

தக்காளிப் பூவுக்கு டூத் பிரஷ்!

தக்காளி, கத்தரி இரண்டும் மகரந்தத்தைக் குழாய் போன்ற பைகளில் பூட்டி வைத்திருக்கும். நுனியில் சின்னஞ்சிறு துளை. சும்மா வந்து உட்கார்ந்தால் மகரந்தம் கொட்டாது. பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்ர்' என்று அதிர வைக்க வேண்டும்! தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குத் தெரியும்! உங்கள் மாடிக்குக் கருவண்டு வரவில்லையா? கவலையே வேண்டாம். பேட்டரியில் ஓடும் டூத் பிரஷைப் பூக்காம்பில் லேசாக வைத்துப் பாருங்கள். உலகம் முழுக்க வீட்டுத் தோட்டக்காரர்கள் இப்படித்தான் காய் பிடிக்க வைக்கிறார்கள்!

கடலில் மிதந்த சுரைக்காய்!

சுரைப் பூ வெள்ளை வெளேரென்று மாலையில்தான் மலரும். ஏன்? அதன் விருந்தாளிகள் இரவில் வரும் அந்துப்பூச்சிகள்! பெண் பூவைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பூவுக்குக் கீழே குட்டிச் சுரைக்காய் ஒன்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும்! பூச்சி வராத மாடியில், அந்தி நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின்மேல் நீங்களே தடவிவிடலாம். அவ்வளவுதான், காய் பிடித்துவிடும்!

ஆப்பிரிக்காவில் பிறந்த இந்தக் கொடி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இருந்திருக்கிறது. எப்படிப் போனது? காய்ந்த சுரைக்காயைக் கடல் நீரில் ஏழு மாதத்துக்கும் மேல் மிதக்க விட்டுச் சோதித்தார்கள். பிறகும் விதைகள் முளைத்தன! அட்லாண்டிக்கையே மிதந்து கடந்த காய் இது! தஞ்சாவூர் வீணையின் தண்டுக்குக் கீழே இன்னொரு குடம் தொங்குமே, அதையும் காலங்காலமாகச் சுரைக் குடுக்கையில்தான் செய்தார்கள்!

கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் முருங்கை!

முற்றிய முருங்கைக்காயை 'இனி எதற்கு?' என்று தூக்கிப் போடுகிறீர்களா? நிறுத்துங்கள்! அதன் விதைப் பருப்பை அரைத்துக் கலங்கிய தண்ணீரில் கலக்கினால் என்ன நடக்கும் தெரியுமா? விதையில் உள்ள புரதம் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படிய வைத்துவிடும். மேலே தெளிந்த நீர்! பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இதைவிட நல்ல சோதனை உண்டா? (வேடிக்கை பார்க்கத்தான். குடிக்க வேண்டுமானால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்!)

மணி பிளான்ட் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கவே மாட்டீர்கள்! வீட்டுக்கு வீடு பாட்டிலில் வளரும் இந்தக் கொடி தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு எந்த ஆண்டு தெரியுமா? 1964! பூக்கச் செய்யும் ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. சொந்த ஊர்? பசிபிக் கடலின் நடுவே இருக்கும் மோரியா தீவு! பூ இல்லை, விதை இல்லை. துண்டு துண்டாக வெட்டி நட்டே உலகம் முழுக்கப் பரவிவிட்டது!

நோபல் பரிசுக்குப் பிள்ளையார் சுழி போட்ட தொட்டாற்சிணுங்கி!

1729. பிரான்சில் டி மைரான் என்ற அறிஞர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டுக்குள் வைத்தார். வெயிலே படவில்லை. ஆனாலும் என்ன நடந்தது? பகல் வந்ததும் இலை விரிந்தது! இரவானதும் மூடிக்கொண்டது! செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது! அந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு! எல்லாம் தொடங்கியது, வழியோரத்தில் நாம் தொட்டு விளையாடும் செடியில்!

மண்புழுவுக்குப் பியானோ கச்சேரி!

பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின், கடைசிக் காலத்தில் எதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்? மண்புழுவைப் பற்றி! 1881-இல் வெளிவந்தது. மண்புழுக்களைத் தொட்டியில் போட்டு வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று தெரிய வேண்டாமா? விசில் ஊதினார்கள். அசையவில்லை. பசூன் என்ற பெரிய ஊதுகுழலை ஊதினார்கள். அசையவில்லை. சத்தம் போட்டுக் கத்தினார்கள். ம்ஹூம்! பக்கத்தில் பியானோ வாசித்தார்கள். அதற்கும் அசையவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து வாசித்ததும் சடாரென்று வளைக்குள் ஓடி ஒளிந்தன! காது கேட்காது, ஆனால் அதிர்வு தெரியும்!

ஓர் ஏக்கர் தோட்ட மண்ணில் எத்தனை மண்புழு? 53,767 என்று ஒரு கணக்கை அந்தப் புத்தகத்தில் எடுத்துக் காட்டுகிறார் டார்வின்! இத்தனையும் சம்பளம் இல்லாமல் மண்ணை உழுகின்றன!

ஊசி நூலோடு ஒரு குருவி!

தோட்டத்தில் 'ட்வீட் ட்வீட்' என்று விடாமல் கத்துகிறதே ஒரு குட்டிக் குருவி, அது தையல்சிட்டு. அலகால் இலையின் ஓரங்களில் துளை போடும். சிலந்தி நூலையும் பஞ்சையும் துளை வழியே நுழைத்து, இலையைப் பையாகத் தைத்துவிடும்! கூடு அந்தப் பைக்குள்! பச்சை இலையை அப்படியே செடியில் வைத்துத் தைப்பதால், யார் கண்ணுக்கும் கூடு தெரியாது!

தூக்கணாங்குருவி அடுத்த கில்லாடி. ஆண் குருவி கூட்டைப் பாதி வரை பின்னி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதி வேலை! பிடிக்கவில்லையா? அந்த அரைக்கூடு அப்படியே தொங்கும்! பறவையியலாளர் சாலிம் அலி 1930-களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் இந்தக் குடும்பக் கதையைத்தான் பார்த்துப் பார்த்து எழுதினார்!

பொங்கலுக்குப் பறவைக் கணக்கு!

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், தெரியுமா? பெயரே 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு'! காட்டுக்குப் போக வேண்டாம். மாடியிலோ கொல்லையிலோ 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் ஏற்றினால் போதும். உங்கள் வீட்டுக் காக்கையும் மைனாவும் உலக அறிவியல் பதிவில் சேர்ந்துவிடும்!

சமையலறையில்...

நிறம் மாறும் மாயாஜாலம்!

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பு! காரத்தன்மை உள்ள எது பட்டாலும் மஞ்சள் சிவந்துவிடும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, அதுவும் இதே கதைதான்! இப்போது வேலியோரத்துச் சங்குப் பூவை எடுங்கள். வெந்நீரில் போட்டால் நீல நிறம். எலுமிச்சை பிழியுங்கள். கண் எதிரே ஊதா! ஆய்வுக்கூடத்தில் செய்யும் அமில, காரச் சோதனை உங்கள் அடுப்பங்கரையில்!

கூடத்தில்...

ஊசி இல்லை, பசை இல்லை, கூடை மட்டும் ரெடி!

ஒயர் கூடைக்கு என்னென்ன வேண்டும்? ஒயர், இரண்டு கை. அவ்வளவுதான்! தையல் கிடையாது, பசை கிடையாது. அடி முதல் கைப்பிடி வரை முடிச்சுகள்தான் தாங்குகின்றன! சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று அதில் எத்தனை ரகம்! காய்கறி மூட்டையை ஆண்டுக்கணக்கில் சுமந்தாலும் ஒரு முடிச்சுகூட அவிழாது!

சென்னையில் விரிந்த மாபெரும் குரோஷா போர்வை!

2016 ஜனவரி. 'மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்' குழுவின் பெண்கள் தனித்தனியாகக் கையால் பின்னியவை எல்லாம் சென்னையில் ஒன்று சேர்ந்தன. பரப்பளவு? 11,148.5 சதுர மீட்டர்! ஒன்றரைக் கால்பந்து மைதானத்தை மூடிவிடலாம்! அப்போது அது கின்னஸ் சாதனை! எல்லாம் ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு!

கணித மேதைகளைத் திணறடித்த சிக்கலைத் தீர்த்ததும் இதே கொக்கி ஊசிதான். 'ஹைப்பர்போலிக்' என்ற சுருள் சுருளான வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்கக் காகித மாதிரிகள் செய்தார்கள். கிழிந்து கிழிந்து போயின. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற பெண்மணி அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டிவிட்டார்! ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார், அவ்வளவுதான்!

இரண்டு பக்கமும் போர்த்தலாம்!

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். துணியில் கோடு வரைவதே இல்லை! துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி நுழைகிறது! முடித்த பிறகு எது முன்பக்கம், எது பின்பக்கம்? இரண்டு பக்கமும் அழகுதான்! தோடர் பூவேலை, பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், மதுரைச் சுங்குடி, தஞ்சாவூர்ப் பொம்மை... அத்தனைக்கும் புவிசார் குறியீடு! வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்த கைவேலைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு!

விழவே விழாத பொம்மை!

கொலுப் படி 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். அதில் தஞ்சாவூர்ப் பொம்மையை ஒரு தட்டுத் தட்டுங்கள். சாய்கிறது, ஆடுகிறது, மறுபடி நிமிர்ந்துவிடுகிறது! ரகசியம் அடியில்! உருண்டையான அடிப்பாகத்தில்தான் எடை முழுவதும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்த எடை இழுத்து நிமிர்த்திவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஈர்ப்பு மையப் பாடம், கொலுப் படியில் தலையாட்டுகிறது!

அலமாரியில்...

12 வயதுப் பையன் கண்டெடுத்த 57 கோடி!

1873. பிரிட்டிஷ் கயானாவில் 12 வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பழைய காகிதங்களைக் கிளறினான். மங்கிய சிவப்பில் ஒரு சென்ட் அஞ்சல்தலை ஒன்று கிடைத்தது. ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். உலகத்திலேயே அந்த ஒன்றுதான் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? 2014-இல் அது ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது தெரியுமா? சுமார் 95 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 57 கோடி ரூபாய்!

நம் அஞ்சல்துறை மட்டும் இளைத்ததா? மோந்து பார்க்கும் அஞ்சல்தலைகளையே வெளியிட்டது! 2006-இல் சந்தனம், 2007-இல் ரோஜா, 2008-இல் மல்லிகை, 2017-இல் காபி! 2011-இல் காந்தியடிகளுக்கு அசல் கதர்த் துணியிலேயே அஞ்சல்தலை! ஆல்பம் வைத்திருப்பவர்களே, பத்திரம்!

செய்தவருக்கே ஒரு மாதம் பிடித்த புதிர்!

ரூபிக் கனசதுரத்தை 1974-இல் உருவாக்கியவர் ஹங்கேரியின் எர்னோ ரூபிக். கலைத்துவிட்டு மறுபடி சேர்க்க அவருக்கே ஒரு மாதம் போலப் பிடித்தது! எத்தனை விதமாகக் கலைக்கலாம்? 43,252,003,274,489,856,000 விதம்! ஆனால் எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பலுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010-இல் கணினி வைத்து நிரூபித்துவிட்டார்கள்!

42 மடிப்பில் நிலா!

காகிதத்தை மடித்துக்கொண்டே போனால் எங்கே போகும்? 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். 10 மடிப்பில் ஒரு சாண்கூட வராது, வெறும் 10 சென்டிமீட்டர். 23-ஆவது மடிப்பில் துபாய் புர்ஜ் கலீஃபாவையே தாண்டிவிடும்! 30-இல் 107 கிலோமீட்டர், விண்வெளி! 42-இல்? சுமார் 4,39,800 கிலோமீட்டர். நிலாவைத் தாண்டிவிட்டீர்கள்! ஆனால் கையால் மடித்தால் ஏழெட்டு மடிப்புக்கு மேல் போகாது. 2002-இல் அமெரிக்கப் பள்ளி மாணவி பிரிட்னி காலிவன் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான மெல்லிய காகிதத்தை எடுத்து 12 முறை மடித்துக் காட்டினார்!

காகித மடிப்பில் நம் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. 1893-இல் சென்னையில் ஒரு புத்தகம் அச்சானது. எழுதியவர் டி. சுந்தர ராவ். சின்னப் பிள்ளைகளின் காகித மடிப்பு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அளவுகோலும் காம்பஸும் இல்லாமல் வடிவியலை மடித்தே காட்டினார்! ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட்டார். 1901-இல் அமெரிக்காவிலும் பதிப்பு வந்துவிட்டது!

இப்போது சொல்லுங்கள், கைவேலையும் தோட்டமும் வெறும் பொழுதுபோக்கா? ராணி சிரோமனியும் சுந்தர ராவும் வீட்டில் எல்லாரும் செய்வதைத்தான் பார்த்தார்கள். பார்த்ததும் 'ஏன் இப்படி?' என்று கேட்டார்கள், அதுதான் வித்தியாசம்! இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கேளுங்கள். பாட்டியிடம் ஒரு சிக்குக் கோலம், அம்மாவிடம் ஒரு முடிச்சு, பக்கத்து வீட்டில் ஒரு மல்லிப் பதியன்! செலவு ஒன்றும் இல்லை. அடுத்த 'தெரியுமா?'வை உங்கள் வீட்டுப் பிள்ளையே கேட்கட்டும்!